தகவமைப்புக்கு நிதி திரட்டுவது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளரும் நாடு ஒன்றின் திட்டத் துறையிலோ சுற்றுச்சூழல் அமைச்சகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். "காலநிலை மாற்றத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதாமே, நமக்குக் கிடைக்குமா பாருங்கள்" என்று மேலதிகாரி ஒரு கோப்பை உங்கள் மேஜையில் தள்ளிவிட்டுப் போய்விட்டார். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

காலநிலைப் பணம் இரண்டு வகை. காலநிலையை மாற்றும் புகையைக் குறைப்பதற்கானது தணிப்பு நிதி. ஏற்கெனவே வந்துவிட்ட, இனியும் வரப்போகிற வெயில், வெள்ளம், வறட்சி, கடலேற்றம் இவற்றோடு வாழ வழி செய்வதற்கானது தகவமைப்பு நிதி. முதல் வகைக்குப் பணம் கிடைப்பது எளிது, ஏனென்றால் சூரிய மின் நிலையம் கட்டினால் மின்சாரத்தை விற்றுக் கடனை அடைத்துவிடலாம். கரையைக் காக்கும் அலையாத்திக் காடு யாருக்கும் பில் அனுப்பாது. தகவமைப்பில் வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் இதுதான்.

கொஞ்சம் எண்களைப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020க்குள் திரட்டித் தருகிறோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் சொன்னன. பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் கணக்குப்படி அந்த இலக்கு எட்டப்பட்டது 2022இல்தான், அந்த ஆண்டு 11,590 கோடி வந்தது, அதில் தகவமைப்புக்குப் போனது 3,240 கோடி. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் வேறு முறையில் எண்ணுகிறது: 2025இல் வந்த அதன் அறிக்கை, 2023இல் வளரும் நாடுகளுக்குத் தகவமைப்புக்காக வந்த பன்னாட்டுப் பொது நிதி சுமார் 2,600 கோடி டாலர் என்றும், 2035 வாக்கில் ஆண்டுக்குத் தேவை 31,000 கோடிக்கு மேல் என்றும் சொல்கிறது. 2024 பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று புது இலக்கு வைத்தார்கள், ஆனால் அது தணிப்புக்கும் தகவமைப்புக்கும் சேர்த்து. 2025 பெலேம் மாநாட்டில் தகவமைப்பு நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க முயலவேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். அழைப்பும் வாக்குறுதியும் வங்கிக் கணக்கில் ஏறும் பணமும் வேறு வேறு. வளரும் நாடுகளுக்குக் காலநிலைப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்துக்குத் தருவதாகச் சொல்லித் தராமல் வைத்திருந்த 400 கோடி டாலரை அமெரிக்கா 2025இல் ரத்தே செய்துவிட்டது.

ஆக, பணம் குறைவு, வரிசை நீளம். அந்த வரிசையில் உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

படி 1: நிதியத்தை மறந்துவிட்டு ஆபத்தை எழுதுங்கள்

பெரும்பாலானோர் தவறான முனையில் தொடங்குகிறார்கள். எந்த நிதியம் தருகிறது, படிவம் எங்கே, கடைசித் தேதி என்ன என்று தேடிவிட்டு, பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒரு சாலைத் திட்டத்தையோ கிணற்றுத் திட்டத்தையோ எடுத்து முகப்பில் "காலநிலை" என்ற சொல்லைச் சேர்க்கிறார்கள். மதிப்பீடு செய்பவருக்கு இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நீங்கள் முதலில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த இடம், எந்த மக்கள், எந்த ஆபத்து. கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கே என்ன மாறியிருக்கிறது, இனி எப்படி மாறும் என்று எதிர்பார்க்கிறார்கள், இப்போதிருக்கும் ஏற்பாடு அதை ஏன் தாங்காது. இவ்வளவையும் எழுதிய பிறகுதான் நீங்கள் செய்யப்போகும் வேலையைப் பற்றி ஒரு வரி.

உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற வளர்ச்சி வங்கிகள் எல்லாம் சேர்ந்து தகவமைப்பு நிதியை எண்ணுவதற்கு மூன்று கேள்விகளை வைத்திருக்கின்றன. இந்த இடத்தின் காலநிலைப் பாதிப்பைச் சொல்லியிருக்கிறீர்களா? அதைக் குறைப்பதுதான் நோக்கம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்களா? செய்யப்போகும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பாதிப்போடு நேரடியாகத் தொடர்புள்ளதா? எங்கே விண்ணப்பித்தாலும் இந்த மூன்றையும் உங்கள் ஒரு பக்கத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதில்தான் அதிகம் பேர் விழுவார்கள்: முதல் பத்துப் பக்கம் புயலைப் பற்றி இருக்கும், பட்ஜெட்டில் வாகனமும் கணினியும் பயிற்சி முகாமும் இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வளர்ச்சிப் பணிக்கும் தகவமைப்புக்கும் நடுவே கோடு போடுவதில். ஒரு கிராமத்தில் குடிநீர் இல்லை. மக்கள்தொகை கூடியதாலா, பம்ப் பழுதானதாலா, பக்கத்தில் யாரோ அளவுக்கு மீறி உறிஞ்சுவதாலா, மழை மாறியதாலா, கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறியதாலா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். அவற்றில் காலநிலையின் பங்கைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். 2018இல் ஒப்புதல் பெற்ற வங்கதேசக் கடலோரத் திட்டம் இதற்கு நல்ல மாதிரி. குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் கடலேற்றத்தாலும் புயல் அலைகளாலும் குடிநீர் உப்பாகிறது என்பதை முன்னிறுத்தி, மழைநீர் சேமிப்பையும் உப்பைத் தாங்கும் பிழைப்பு வழிகளையும் கேட்டார்கள். தண்ணீர்த் திட்டம்தான், ஆனால் தொடங்கும் இடம் உப்பு. இன்னொரு பக்கம், எத்தியோப்பியாவின் வறட்சித் திட்டம் 2017 ஏப்ரலில் பசுமைக் காலநிலை நிதிய வாரியத்தின் முன் வந்தபோது, இது வழக்கமான வளர்ச்சிப் பணிதானே என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. திருத்தி, தொகையையும் குறைத்துக் கொண்டுவந்து அதே ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் வாங்கினார்கள்.

தரவுக்கு எங்கே போவது? உங்கள் நாட்டு வானிலைத் துறையிடமிருந்து தொடங்குங்கள். மழைமானி இல்லாத ஊர் என்றால் செயற்கைக்கோள் வழி மழைத் தரவு இருக்கிறது. உலக வங்கியின் காலநிலை அறிவுத் தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் கடந்த காலப் போக்கும் எதிர்காலக் கணிப்பும் இலவசமாகக் கிடைக்கும், ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கையில் கண்டவாரியான அத்தியாயங்கள் உண்டு. அதோடு நிறுத்தாமல் சுகாதார நிலையப் பதிவேடு, கூட்டுறவுச் சங்கக் கணக்கு, பயிர் இழப்பீட்டுக் கோரிக்கைகள், வெள்ளத்தில் பள்ளி மூடிய நாட்கள் என்று ஊரில் இருக்கும் காகிதங்களையும் எடுங்கள். அவை ஏதோ ஒரு கணினிக் காலநிலை மாதிரியிலிருந்து எடுத்த வண்ண வரைபடத்தைவிட அழுத்தமாகப் பேசும். மழை கூடுமா குறையுமா என்பதில் மாதிரிகள் ஒத்துப்போகவில்லையா, அதையும் மறைக்காமல் எழுதி, இரண்டு வழியிலும் பயன்படும் வேலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று காட்டுங்கள்.

மழைமானி வாங்கவே வசதியில்லாத நாட்டிடம் முப்பது வருட மழைக் கணக்கைக் கேட்பது அநியாயம்தான். அதை மாநாட்டில் பேசலாம், பேசவும் வேண்டும். விண்ணப்பத்தில் பேசிப் பயனில்லை.

படி 2: வெளியே போகும் முன் உள்ளே விசாரியுங்கள்

ஒவ்வொரு நாட்டிலும் இந்த நிதியங்களோடு பேசுவதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலகம் ஒன்று இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பசுமைக் காலநிலை நிதியத்துக்கு ஒரு அலுவலகம், தகவமைப்பு நிதியம் என்ற பன்னாட்டு அமைப்புக்கு இன்னொன்று, சுற்றுச்சூழல் திட்டங்களுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான உலகச் சுற்றுச்சூழல் வசதிக்கு மூன்றாவது என்று இருக்கலாம், அவை வெவ்வேறு அமைச்சகங்களில் இருந்துகொண்டு ஒன்றோடொன்று பேசாமலும் இருக்கலாம். யார் யார் என்பது அந்தந்த நிதியத்தின் தளத்திலேயே போட்டிருக்கும். இவர்கள் எழுத்தில் சம்மதம் தராமல் எதுவும் நகராது. பசுமைக் காலநிலை நிதியத்தில் இதற்கு ஆட்சேபணையின்மைக் கடிதம் என்று பெயர். நூறு பக்கம் எழுதி முடித்துவிட்டுக் கையெழுத்து கேட்கப் போகாதீர்கள். அந்த ஒரு பக்கத்தோடு முதலிலேயே போங்கள்.

அப்புறம், நாட்டின் தேசியத் தகவமைப்புத் திட்டத்தையும், பாரிஸ் ஒப்பந்தத்தின்படி தந்த நாட்டின் பங்களிப்பு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள். உங்கள் யோசனை அவற்றில் முன்னுரிமையாக இருந்தால் பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தேசியத் திட்டமே இன்னும் தயாராகவில்லை என்றால், அதைத் தயாரிப்பதற்கே பசுமைக் காலநிலை நிதியத்தில் ஆயத்தப் பணம் உண்டு, ஒரு நாட்டுக்கு 30 லட்சம் டாலர் வரை. இது பெரிய தொகையாகத் தெரியாது, ஆனால் முதல் முறை இறங்கும் நாட்டுக்கு இதைவிட நல்ல நுழைவு இல்லை என்பது என் எண்ணம். தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை, ஜெயித்தால் தரவும் ஆளும் அனுபவமும் கையில் நிற்கும்.

உள்நாட்டு பட்ஜெட்டையும் பாருங்கள். வெள்ளத் தடுப்பு, வறட்சி நிவாரணம், விதை மானியம் என்று ஏற்கெனவே தகவமைப்புக்குச் செலவாகும் பணம் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். அதைத் திரட்டி ஒரு அட்டவணையாக்கினால் பின்னால் "உங்கள் பங்கு என்ன" என்று கேட்கும்போது கைகொடுக்கும். வங்கதேசம் 2009–10லேயே தன் வரிப்பணத்தில் காலநிலை அறக்கட்டளை நிதி ஒன்றைத் தொடங்கியதே, அதற்குப் பிறகு அவர்கள் பேச்சுக்கு வேறு மரியாதை.

படி 3: எந்தக் கதவு?

தகவமைப்பு நிதியம் சிறியது, பழையது, புதியவர்களுக்கு ஏற்றது. கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் பிறந்தது, புகையைக் குறைத்ததற்குத் தரப்பட்டுச் சந்தையில் விற்கப்படும் கார்பன் வரவுகளில் 2 சதவீதம் இதற்கு வரும்படி அமைத்தார்கள், வரவுகளின் விலை விழுந்த பிறகு நாடுகளின் நன்கொடையை நம்பி ஓடுகிறது. முழுக்க மானியம், இணை நிதி, அதாவது வேறிடத்திலிருந்து சேர்க்கும் பணம், கட்டாயமில்லை, தகவமைப்புச் செலவு முழுவதையும் தரும். இந்தக் கடைசி வரியின் அருமை மற்ற இடங்களில் அலைந்த பிறகுதான் புரியும்.

பசுமைக் காலநிலை நிதியம் பெரியது. 2010இல் கான்கூனில் முடிவானது, தென்கொரியாவின் இஞ்சியோனில் இருக்கிறது. தன் பணத்தில் பாதியைத் தகவமைப்புக்கும், அந்தப் பாதியில் குறைந்தது பாதியைக் குறைந்த வளர்ச்சி நாடுகள், சிறு தீவு நாடுகள், ஆப்பிரிக்க நாடுகளுக்கும் தருவதை இலக்காக வைத்திருக்கிறது. ஆறு அளவுகோல்களில் மதிப்பிடுவார்கள்: தாக்கம், பாதையை மாற்றும் ஆற்றல், நிலையான வளர்ச்சிக்கான பலன், பெறுபவரின் தேவை, நாட்டின் சொந்த ஈடுபாடு, செலவுத் திறன். 1 கோடி டாலருக்குள் இருப்பது மிகச் சிறிய திட்டம், 25 கோடிக்கு மேல் போனால் பெரிய திட்டம். புதியவர்கள் பார்க்க வேண்டியது எளிமையாக்கிய ஒப்புதல் முறை: நிதியத்தின் பங்கு 2.5 கோடி டாலர் வரை, சுற்றுச்சூழல், சமூக ஆபத்து மிகக் குறைந்த திட்டங்களுக்கு மட்டும். காகித வேலை குறைவு என்பார்கள். குறைவுதான், ஆனால் "எளிமை" என்ற சொல்லை நம்பி மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஐநாவின் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலில் உள்ள 44 நாடுகளுக்குத் தனியாக ஒரு நிதியம் உலகச் சுற்றுச்சூழல் வசதியின் கீழ் 2001 முதல் இருக்கிறது. உங்கள் நாடு அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் தட்ட வேண்டிய கதவுகளில் இதுவும் ஒன்று. ஆனால் வழக்கமான வளர்ச்சிச் செலவு வேறிடத்திலிருந்து வர, காலநிலையால் கூடும் செலவை மட்டுமே அது ஏற்கும். பாலத்தைக் கட்டுவது உங்கள் பணம், இனி வரும் வெள்ளத்துக்காக அதை உயர்த்தும் செலவு அவர்கள் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சி வங்கிகளும் இருதரப்பு உதவியும்தான் உண்மையில் பெரும் பகுதிப் பணம் வரும் வழி. பெயர் பெற்ற நிதியங்களை மட்டும் பார்த்துக்கொண்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். நாட்டில் ஏற்கெனவே ஓடும் நீர்ப்பாசனக் கடன், நகரக் கடன் ஆகியவற்றில் தகவமைப்பைச் சேர்ப்பது, புதுத் திட்டம் எழுதுவதைவிடப் பல நேரம் விரைவு.

இழப்பு, சேத நிதியம் என்று ஒன்று 2022 ஷார்ம் எல்ஷேக் மாநாட்டில் பிறந்தது. அது தகவமைத்தும் தப்பாமல் நேர்ந்த இழப்புக்கானது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் குழப்பாதீர்கள்.

படி 4: யார் தோளில் ஏறிப் போவது?

இது பலருக்கும் அதிர்ச்சி தரும் இடம். நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நிதியத்திடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றுதான் திட்டத்தைக் கொண்டுபோக முடியும், பணமும் அதன் கணக்குக்குத்தான் வரும். அந்த நிறுவனம் ஐநா வளர்ச்சித் திட்டம் (யுஎன்டிபி) போன்ற பன்னாட்டு அமைப்பாக இருக்கலாம், நாட்டின் சொந்த நிறுவனமாகவும் இருக்கலாம்.

சொந்த நிறுவனம் வழியாகப் போவதை நேரடி அணுகல் என்கிறார்கள். இதைத் தொடங்கிவைத்தது தகவமைப்பு நிதியம். 2010இல் முதன்முதலாக அங்கீகாரம் வாங்கியது செனகலின் சூழலியல் கண்காணிப்பு மையம், அது ருஃபிஸ்க், சாலி, ஜோவால் கடற்கரைகளில் அரிப்பைத் தடுக்கும் திட்டத்தை நடத்தியது. இந்தியாவில் நபார்டு வங்கி தகவமைப்பு நிதியம், பசுமைக் காலநிலை நிதியம் இரண்டிலும் இந்த அங்கீகாரம் பெற்றிருக்கிறது. நேரடி அணுகலில் முடிவு நாட்டுக்குள் இருக்கும், நிர்வாகக் கட்டணம் வெளியே போகாது, திட்டம் முடிந்த பிறகும் அனுபவம் உள்ளேயே தங்கும்.

ஆனால் அங்கீகாரம் வாங்குவது வருடக்கணக்கில் இழுக்கும் வேலை. தணிக்கை அறிக்கைகள், கொள்முதல் விதிகள், ஊழல் புகாரை விசாரிக்கும் முறை, பாலினக் கொள்கை, சுற்றுச்சூழல், சமூகப் பாதுகாப்பு முறை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கொள்கை எழுதி வைத்திருந்தால் போதாது, அதைப் பயன்படுத்திய ஆதாரமும் வேண்டும். என் ஆலோசனை: முதல் திட்டத்தைப் பன்னாட்டு நிறுவனத்தோடு செய்யுங்கள், ஆனால் ஒப்பந்தத்திலேயே உங்கள் நாட்டு நிறுவனத்தை நடைமுறைப்படுத்தும் அமைப்பாகப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் அங்கீகார வேலையைத் தொடங்குங்கள். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று காத்திருந்தால் பத்து வருடம் போய்விடும்.

இன்னொரு பொறி. பசுமைக் காலநிலை நிதிய அங்கீகாரம் என்பது எல்லாவற்றுக்குமான அனுமதிச் சீட்டு கிடையாது. எந்த அளவுத் திட்டம் வரை, மானியமா கடனா, எந்த அளவு சுற்றுச்சூழல் ஆபத்து வரை என்று வரம்பு இருக்கும். மிகச் சிறிய திட்டத்துக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் 3 கோடி டாலர் திட்டத்தைக் கொடுத்து ஒரு வருடம் எழுதவைத்தால் அந்த ஒரு வருடம் வீண். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: பணத்தின் குணத்தைப் பாருங்கள்

தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். 2022இல் வளரும் நாடுகளுக்கு வந்த பொதுக் காலநிலை நிதியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கடன். புயலுக்குக் காரணமான புகையில் தன் பங்கு ஒன்றுமே இல்லாத நாடு, அதிலிருந்து தப்ப டாலரில் கடன் வாங்கி வட்டி கட்டுவது சரியா என்பது நியாயமான கேள்வி. கோபம் தனி, கணக்கு தனி. உங்கள் வேலை ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, இதைத் திருப்பிக் கட்டப்போவது யார், எந்த வருமானத்திலிருந்து, எந்த நாணயத்தில் என்று கேட்பது. பதில் இல்லாத பாகங்களுக்கு மானியம்தான் பொருந்தும்: முன்னெச்சரிக்கை அமைப்பு, அலையாத்திக் காடு, ஏழைக் குடும்பங்களுக்கான உதவி. துவாலு தன் கடற்கரையைக் காக்கப் பசுமைக் காலநிலை நிதியத்திடமிருந்து வாங்கிய 3.6 கோடி டாலர் முழுக்க மானியம். அந்தக் கடற்கரையிலிருந்து வருமானம் எடுத்துக் கடனை அடைக்க யாராலும் முடியாது. நகரக் குடிநீர் வடிகால், துறைமுகம், சொட்டுநீர்க் கருவி போன்றவற்றுக்கு ஓரளவு வருமானம் இருக்கும், அங்கே குறைந்த வட்டிக் கடனைக் கலக்கலாம்.

உலக வங்கியின் ஐடிஏ பிரிவு, கடன் நெருக்கடி அபாயம் அதிகமுள்ள ஏழை நாடுகளுக்கு மானியமாகவே தரும். பன்னாட்டு நாணய நிதியம் (ஐஎம்எஃப்) 2022இல் தொடங்கிய மீள்திறன் அறக்கட்டளையின் கடன் 20 ஆண்டு, முதல் பத்தரை ஆண்டு அசல் கட்ட வேண்டாம், ஆனால் அது நாட்டின் பொது நிதிக்குள் போகும், உங்கள் திட்டக் கணக்குக்கு வராது.

பழைய கடனை மாற்றி எழுதிப் பணம் எடுப்பதும் ஒரு வழி. பார்படோஸ் 2024 டிசம்பரில் செய்தது இதைத்தான்: இரண்டு வளர்ச்சி வங்கிகள் உத்தரவாதம் தர, விலை கூடிய பழைய கடனை மலிவான கடனால் அடைத்து, மிச்சமாகும் வட்டியை நீர், கழிவுநீர்க் கட்டமைப்புக்குத் திருப்பியது. பெரிய வங்கியாளர்களும் வழக்கறிஞர்களும் தேவைப்படும் வேலை இது, நிதி அமைச்சகத்தின் கையில் இருப்பது. உங்கள் மேஜையில் முடிவாகாது, ஆனால் நிதி அமைச்சகம் அப்படி யோசிக்கும்போது மிச்சப் பணத்துக்குத் தயாரான திட்டப் பட்டியல் உங்களிடம் இருக்க வேண்டும்.

தனியார் முதலீடு வரும் வரும் என்று ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்கிறார்கள். தகவமைப்பில் இதுவரை வந்தது சொற்பம். விதை, குளிர்பதனக் கிடங்கு, நீர்க் கருவி, காப்பீடு என்று விற்கக்கூடிய இடங்களில் வரும். அதற்கு வெளியே தனியார் பணத்தைக் காட்டி அட்டவணையை நிரப்பினால், பிற்பாடு அந்த ஓட்டையை நீங்கள்தான் அடைக்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். காற்றின் வேகம், காற்றழுத்தம், மழை அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் சேதத்தை அளக்காமலே பணம் தரும் காப்பீடுகள் இருக்கின்றன. 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது கிரெனடாவுக்குக் கரீபியன் பேரிடர்க் காப்பீட்டு நிதியத்திலிருந்து 4 கோடி டாலருக்கும் மேல் சீக்கிரமே வந்தது. அதோடு, புயல் வந்தால் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று கடன் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்த விதியையும் அந்த நாடு பயன்படுத்திக்கொண்டது. அதே பெரில் புயலில் ஜமைக்காவின் 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரம் (எல்லை தாண்டினால் முதலீட்டாளர்கள் போட்ட பணம் நாட்டுக்கு வரும்படி எழுதிய பத்திரம்) ஒரு காசும் தரவில்லை, காற்றழுத்தம் எல்லையைத் தொடவில்லை என்பதால். அடுத்த ஆண்டு அக்டோபரில் மெலிசா புயல் அடித்தபோது முழுத் தொகையும் கிடைத்தது. பத்திரத்தில் எந்த எண்ணை எல்லையாக எழுதுகிறார்கள் என்பதை, விற்பவருக்காக வேலை செய்யாத நிபுணர் ஒருவரைக்கொண்டு சரிபாருங்கள்.

படி 6: எழுதுவது

முதலில் கான்செப்ட் நோட், அதாவது திட்டத்தின் கருத்துக் குறிப்பு. சுருக்கமானது. அதற்கு வரும் கேள்விகளைப் பார்த்துத்தான் முழு விண்ணப்பம். முழு விண்ணப்பத்துக்கு ஆய்வு, பாலின மதிப்பீடு, சுற்றுச்சூழல் திட்டம், பொருளாதாரக் கணக்கு எல்லாம் வேண்டும், அதற்கே நிறையச் செலவாகும். பசுமைக் காலநிலை நிதியத்தில் இந்தத் தயாரிப்புச் செலவுக்கென்றே 15 லட்சம் டாலர் வரை தரும் வசதி இருக்கிறது, கான்செப்ட் நோட்டோடு கேளுங்கள்.

நான் கண்ட வரையில் எழுதக் கற்றுக்கொள்ளச் சிறந்த வழி, ஒப்புதல் பெற்ற விண்ணப்பங்களைப் படிப்பது. பசுமைக் காலநிலை நிதியம் அவற்றை முழுதாகத் தளத்தில் போடுகிறது, அதோடு சுதந்திரத் தொழில்நுட்பக் குழுவின் மதிப்பீடும் இருக்கும். விண்ணப்பத்தைவிட அந்த மதிப்பீட்டைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் திட்டத்தைப் போலவே உள்ள மூன்று நான்கை எடுத்து, குழு எங்கே முகம் சுளித்திருக்கிறது என்று குறித்துவைத்தால், உங்களிடம் கேட்கப்போகும் கேள்வித்தாள் கிட்டத்தட்டக் கையில் வந்துவிடும்.

பயனாளிகள் எண்ணிக்கையை ஊதாதீர்கள். மாவட்ட மக்கள்தொகையை அப்படியே போடுவது எல்லோரும் செய்யும் வேலை, எல்லோரும் கண்டுபிடிக்கும் வேலையும் கூட. மக்களிடம் பேசிய கூட்டத்தின் பதிவை இணைப்பில் வையுங்கள், அவர்கள் சொன்னதால் திட்டத்தில் என்ன மாறியது என்று ஒரு இடத்திலாவது காட்டுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் அது கலந்தாலோசனை கிடையாது, அறிவிப்பு. 2021இல் வெளியான உள்ளூர்த் தலைமையிலான தகவமைப்புக்கான எட்டுக் கொள்கைகளைப் பல அமைப்புகள் ஏற்றிருக்கின்றன. முடிவை முடிந்தவரை கீழ்மட்டத்துக்குக் கொண்டுபோவது அதில் முதலாவது. ஐநா மூலதன வளர்ச்சி நிதியத்தின் லோக்கல் (LoCAL) என்ற திட்டம் இதற்கு ஒரு வடிவம் காட்டியது: 2011இல் பூட்டானிலும் கம்போடியாவிலும் தொடங்கி, உள்ளாட்சி அமைப்புகளுக்கு அவற்றின் செயல்பாட்டைப் பார்த்து ஆண்டுதோறும் கூடுதல் மானியம் தருகிறது. உங்கள் திட்டத்தில் கடைசி மட்டத்துக்கு எத்தனை சதவீதம் போகிறது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சங்கடமான எண்ணாக இருந்தால் பட்ஜெட்டை மாற்றுங்கள்.

பராமரிப்புக்கு யார் பணம் தருவார் என்பதற்கு ஒரு வரி பதில் போதாது. எந்தத் துறை, எந்தத் தலைப்பில், எந்த ஆண்டிலிருந்து என்று அந்தத் துறையின் கடிதத்தோடு வையுங்கள்.

படி 7: ஒப்புதலுக்குப் பிறகு

ஒப்புதல் செய்தி வந்ததும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் இன்னும் வரவில்லை. சட்ட ஒப்பந்தம், முதல் தவணைக்கு முன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள், உள்நாட்டு அமைச்சரவை அனுமதி, நிதித் துறையின் தனிக் கணக்கு என்று பல மாதங்கள் ஓடும். பசுமைக் காலநிலை நிதியமே தன் பரிசீலனைக் காலத்தை 24 மாதத்திலிருந்து 9 மாதமாகக் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது என்றால் பழைய நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம். இந்த இடைவெளியில் விலைவாசி கூடும், நாணய மதிப்பு மாறும், திட்டத்தை எழுதியவர் வேறு துறைக்கு மாற்றலாகிப் போவார். எனவே எதிர்பாராச் செலவுக்குத் தனித் தொகை ஒதுக்குங்கள், எல்லாக் கணக்குகளையும் எப்படிப் போட்டீர்கள் என்று புதியவர் படித்தால் புரியும்படி கோப்பில் எழுதிவையுங்கள். டெண்டர் ஆவணங்களைக் காத்திருக்கும் காலத்திலேயே தயாரித்துவிடலாம், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தவணைகள் அறிக்கையைப் பார்த்துத்தான் வரும். முதல் ஆண்டு அறிக்கையில் என்ன மாறியது என்று கேட்பார்கள், மாற்றத்தைக் காட்டத் தொடக்க நிலை தெரிய வேண்டும், வேலை ஆரம்பித்த பிறகு அதை அளக்க முடியாது. எனவே எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, எந்த வயலில் எவ்வளவு விளைச்சல், எச்சரிக்கை எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது என்ற கணக்கெடுப்பை முதல் செங்கல் வைப்பதற்கு முன்பே, மழைக்காலம் ஒன்றையும் கோடை ஒன்றையும் உள்ளடக்கி முடித்துவிடுங்கள்.